உதட்டோரம் ஒன்றரை மில்லிமீட்டர்

ஸ்கேன்காரம்மா: ஐயய்யோ மாஸ்டர்! மீசை எங்க?

மாஸ்டர்: நீங்கதானே போன தடவை, முடி இருந்தா படம் சரியா விழாதுன்னு...

ஸ்கேன்காரம்மா: ஓரத்துல கொஞ்சம் எடுத்தா போதும்னுதான் சொன்னேன்!

மனைவி: காலையில பாத்துட்டு, யாரோ வீட்டுக்குள்ள பூந்துட்டான்னு கத்திட்டேன்.

மாஸ்டர்: இவ கையில தோசைக்கரண்டி வேற!

ஸ்கேன்காரம்மா: சரி சரி, படுங்க. ஜெல் ஜில்லுனு இருக்கும். வாயோரத்துலருந்து ரெண்டு விரல் தள்ளி... அதே இடம். இனிமே பேசக் கூடாது.

மனைவி: அதுக்கு மயக்க மருந்துல்ல குடுக்கணும்!

மாஸ்டர்: நான் எங்க...

ஸ்கேன்காரம்மா: உஷ்! படம் ஆடுது.

மனைவி: ஏம்மா... இந்தத் தோல் இறுகுறது குறைஞ்சிருக்கா? அடுத்த வாரம் ஸ்கூல்ல முடிவு பண்றாங்க. உதடு குவிஞ்சு விசில் ஊத வரலைன்னா கிரவுண்டுல பி.டி. எடுக்க வேண்டாம், ஆபீஸ்ல உக்காருங்கன்னு...

மாஸ்டர்: ஃபைலைக் கட்டிக்கிட்டு நான் என்ன...

ஸ்கேன்காரம்மா: மாஸ்டர்!

மனைவி: என்ன, மறுபடி வெச்சு அளக்குறீங்க? மோசமா?

ஸ்கேன்காரம்மா: மூணு தடவை எடுக்கணும்க்கா.

மனைவி: அப்புறம் ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க?

ஸ்கேன்காரம்மா: எதுவா இருந்தாலும் டாக்டர்தான் சொல்லணும். நான் வாயே திறக்கக் கூடாது. ஆனா... நீங்க திரையைப் பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலை.

மனைவி: ஒண்ணு புள்ளி அஞ்சு... போன தடவை எவ்ளோ?

ஸ்கேன்காரம்மா: பக்கத்துலயே இருக்கே.

மனைவி: ரெண்டு புள்ளி நாலு! என்னங்க... தடிப்பு இறங்கிடுச்சுங்க! அப்போ திரையில செவப்பு செவப்பா தெரிஞ்சுச்சே, அது?

ஸ்கேன்காரம்மா: அது உள்ள இருந்த அழற்சி. இப்ப தேடிப் பாத்தும் காணோம்... ஐயோ, சொல்லித் தொலைச்சுட்டேனே!

மனைவி: நீங்க நல்லா இருக்கணும் தாயீ!

ஸ்கேன்காரம்மா: இந்தாங்க மாஸ்டர், துடைச்சுக்கோங்க. இப்ப பேசலாம்.

மனைவி: பேசச் சொன்னா பேச மாட்டேங்குறாரு! என்னங்க... அழுறீங்களா?

மாஸ்டர்: ச்சே, ஜெல்லு கண்ணுல பட்டுடுச்சு... இல்ல... உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். நாலு நாளா விசில் ஊத வருது. சொல்லி, மறுபடி இறுகிட்டா நீ தாங்க மாட்டே. முதல்ல மெஷின் சொல்லட்டும்னு...

மனைவி: அட, கொழாயைத் தொறந்துவிட்டுட்டா பாத்ரூம்ல ஊதுற விசில் வெளிய கேக்காதா? பக்கத்து வீட்டுலருந்து வந்து என்ன சத்தம்னு கேட்டாங்க. குக்கருன்னு சொல்லி அனுப்பிட்டு, நாலு நாளும் அந்தக் கதவுக்கு வெளியதான் நின்னு அழுதுட்டு இருந்தேன்.