மண்ணூர்க் கண்ணப்பருக்குக் கூண்டு எதற்கு?

விழாத் தலைவர் ஐயா முனிரத்தினம் அவர்களே, கதிர் அறுத்த கையால் இன்று கார்க் கம்பெனியில் பாகம் பூட்டும் மண்ணூர்ப் பெரியோர்களே, என்னைப் பெறாமல் பெற்ற தாய்மார்களே, கம்பெனி பஸ்ஸைப் போகவிட்டு நிற்கும் தம்பிமார்களே, முன்வரிசை காலியாக இருக்கப் பின்னால் ஒதுங்கி நிற்கும் இருளர் குடிச் சொந்தங்களே, வணக்கம்!

முன்னால் வாருங்கள் அம்மா. இது உங்கள் வீட்டு விசேஷம்!

யார் இந்தக் கண்ணப்பர்? முடி சூடிய மன்னரா? இல்லை. படை நடத்திய தளபதியா? இல்லை. காட்டு விறகும் காட்டுக் கிழங்கும் இனிச் சர்க்காருக்கே என்று வெள்ளைக்காரத் துரை வேலி போட்டபோது, பசித்த தன் இருளர் சனத்தை அழைத்துக்கொண்டு பட்டப்பகலில் வேலி தாண்டியவர்! அதற்காக அவரைச் சந்தை நடுவே இரும்புக் கூண்டில் அடைத்து வேடிக்கை காட்டினான் துரை. விடுதலையான கண்ணப்பர் என்ன செய்தார்? மறுநாளே மறுபடியும் வேலி தாண்டினார்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

அப்பேர்ப்பட்டவருக்கு இன்று நாம் திறக்கும் சிலையைச் சுற்றி, இதோ, கம்பிக் கூண்டு! யாராவது கைவைத்தால் கலவரமாகிவிடுமே என்று இதோ மேடையில் இருக்கும் தாலுகா அதிகாரி ஐயா போடச் சொன்னது. நல்ல மனிதர், அவர் பயம் அவருக்கு. நேற்று சிலையைப் பார்க்க வந்தார் கண்ணப்பரின் கொள்ளுப்பேத்தி, கம்பெனி கேண்டீனில் வேலை செய்யும் தாயாரம்மாள். கம்பியைப் பிடித்தபடி கேட்டார்: "இன்னா சார், வெள்ளக்காரன் கூண்டுல போட்டான், சரி. நம்மளும் போட்லாமா?"

அந்தக் கேள்வியோடு நேரே அதிகாரியிடம் ஓடினேன். "ஊரே பொறுப்பேத்துகினா கழட்டிடலாம் சார். ஊருன்னா இருளர் மட்டும் இல்ல, எல்லாத் தெருவும்" என்றார்.

அதனால் கேட்கிறேன். நாளை இவர்மேல் ஒரு கல் விழ வந்தால் தடுக்கப்போவது எது? கம்பியா, நம் கையா? இவருக்குக் காவல் இரும்பா, உறவா? என்ன, கம்பெனித் தம்பி மோகன், "ஓட்டா கேக்குறீங்க?" என்று சிரிக்கிறாய்? ஓட்டு வேண்டாமப்பா, உன் கை வேண்டும்! பொறுப்பேற்பவர்கள் தூக்குங்கள்!

அடேயப்பா! மேலத்தெருவும் தூக்கிவிட்டதே! தலைவர் ஐயா, இரண்டு கையுமா? ஒன்று போதும் ஐயா! அதிகாரி ஐயா, பார்த்தீர்களா? தலையாட்டிவிட்டார், தலையாட்டிவிட்டார்!

மோகன் ஸ்பேனரோடு வருகிறான். தம்பி, அதைத் தாயாரம்மாளிடம் கொடு. என்னம்மா?

"டைட்டா கீது சார்."

மோகன், நீயும் கூடப் பிடி. தலைவர் ஐயா, நீங்களும் இறங்குங்கள்.

கழன்றுவிட்டது! அதோ, தாயாரம்மாள் தன் கொள்ளுப்பாட்டன் பாதத்தைத் தொட்டுவிட்டார். இனி என் பேச்சு எதற்கு? தூக்கிய கைகளுக்கெல்லாம் நன்றி. கண்ணப்பர் நம்மோடு நிற்கிறார். வரிசையாக வந்து தொட்டுக் கும்பிடுங்கள். வணக்கம்!