ரெண்டு தட்டுன்னா சரி

சாயங்காலம் ஆறு மணி. மழை விட்டு, பனி இறங்கற நேரம். மேட்டு ரோட்டுல கடைசி வீடு, அதுக்கப்புறம் வெறும் மரம்தான்… கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, கத்திச் சொல்ற கதை இல்ல இது.

நம்மள இங்க கூட்டிட்டு வந்த டிரைவரோட சித்தப்பா ஒரு கொத்தனார். சுவர் மட்டம் பாக்கற கருவி இருக்கே, அந்த ரசமட்டம்தான் பட்டப்பேர். கல்யாண போட்டோவப் பார்த்தாலும், மாப்பிள்ளை ஒரு விரக்கடை சாஞ்சு நிக்கறார்னு சொல்ற ஆளு. அன்னிக்கு அந்த வீட்டுக் கூரை மேல இருந்தது அவர்தான்.

வீடு ஒரு நர்ஸம்மாவோடது. தனி ஆள். ஹால்ல குளிருக்கு நெருப்பு மூட்டற கணப்பு, அதுக்கு மேல கூரையத் தாண்டி நிக்கற புகைபோக்கி… விரிசல் விட்டிருச்சு. அந்தம்மா இன்னிக்குப் பூசிடலாம்பாங்க, நாளைக்கு இடிச்சுத் தள்ளிடலாம்பாங்க. குடிவந்த நாள்லேருந்து அந்தக் கணப்புல நெருப்பு நின்னதே இல்லயாம். பத்த வெச்சா, யாரோ உள்ளேருந்து ஊதின மாதிரி அணைஞ்சிடுமாம்.

சித்தப்பா நடுவுல ஒரு வழி சொன்னார். "பூசவும் வேணாம், இடிக்கவும் வேணாம்மா. கீழ வாயைச் செங்கல் வெச்சு அடைச்சுட்டு, மேல ஒரு பலகைக்கல்லப் போட்டு மூடிடறேன். அதுபாட்டுக்குக் கிடக்கும்."

மத்தியானமே கீழ அடைச்சாச்சு. மேல ஏறினார். இவங்க தொழில்ல ஒரு பழக்கம்… மூடறதுக்கு முன்னால மேல இருக்கறவர் சுத்தியலால தட்டிக் கேக்கணும். கீழேருந்து ரெண்டு தட்டு வந்தா, சரி, மூடலாம். மூணு வந்தா, நிறுத்து. பதில் தட்டறதுக்கு நர்ஸம்மாவ ஹால்ல நிக்கச் சொல்லியிருந்தார்.

தட்டினார்.

டக்… டக்.

கல்லைப் போட்டார், கலவையப் பூசினார், இறங்கினார். ஏணியடியில நர்ஸம்மா.

"தட்டிட்டு அதுக்குள்ள வெளிய வந்துட்டீங்களா?"

"நானா? ஏணி ஆடுச்சேன்னு இவ்வளவு நேரம் இங்கதாண்ணே பிடிச்சுட்டு நிக்கறேன்!"

சித்தப்பா வாசப்பக்கம் திரும்பிப் பார்த்தார். மத்தியானம் முழுக்க வாசக்கதவு திறந்தே கிடந்துச்சே… எந்தக் குழந்தையாவது அடைக்கறதுக்கு முன்னாலயே கணப்புக்குள்ள புகுந்து மாட்டிக்கிச்சோ? ஓடினாங்க. ஹால்ல ஈர சிமெண்ட் வாசனை. அதுக்கு அடியில பழைய கரி வாசனை. சுத்தியலை ஓங்கினார்.

"உடைச்சிடவாம்மா?"

அவங்க வாயத் திறக்கறதுக்குள்ள சுவருக்குள்ளேருந்து… டக், டக், டக்.

நிறுத்து.

நர்ஸம்மா நர்ஸம்மாதானே. சுவர்ல கை வெச்சு, வார்டுல நோயாளியக் கேக்கற மாதிரி கேட்டாங்க. "மூச்சு விட முடியுதா?"

உள்ளேருந்து மூணு தட்டு… மூச்சு இல்லயாம்.

சித்தப்பா அவங்க கையப் பிடிச்சு இழுத்துட்டு வாசலுக்கு ஓடினார். மறுபடியும் மூணு தட்டு. இந்தத் தடவை சுவர்லேருந்து இல்ல… வாசக்கதவுலேருந்து. அவர் தாண்டிட்டார். அவங்களுக்குக் கால் நிலைப்படி வரைக்கும் வருது, அதுக்கு மேல வரல. இழுத்துப் பார்த்தார், தோள் கழண்டுடும் போல இருந்துச்சு.

"முடியலண்ணே… யாரையாவது கூட்டிட்டு வாங்க. சீக்கிரம்."

ஓடினார். ரோட்டுல ஈ காக்கா இல்ல. விட்டுட்டு வர்றோமேன்னு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டார். கீழ மரக்கடையிலேருந்து நாலு பேரைக் கையோட கூட்டிட்டு வந்தா… கதவு சாத்தியிருக்கு. ஜன்னல்ல விளக்கு வெளிச்சம். நர்ஸம்மா கண்ணாடியில முகத்தை ஒட்டிட்டு நிக்கறாங்க. சிரிச்ச முகம்.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

அவங்க விரலால கண்ணாடியத் தட்டினாங்க. ரெண்டு தட்டு.

"நல்லாத்தானேய்யா இருக்காங்க! எங்களை வேலை மெனக்கெடுத்துக் கூட்டிட்டு வந்தியே!" நாலு பேரும் சிரிச்சுட்டுத் திரும்பிட்டாங்க.

சித்தப்பா மட்டும் நின்னார். பல்லு கிட்டிக்கிற குளிரு. அவர் மூச்சு வெள்ளையா ஆவியாப் போகுது. அந்தம்மாவோட மூக்கும் வாயும் கண்ணாடியில அழுந்திட்டு இருக்கு…

கண்ணாடி மங்கவே இல்ல.