வெயில் பார்க்கும் கண்ணாடிக்குச் சந்தனம் இட்டது

என் பெயர் கலியபெருமாள், தகப்பனார் பெயர் வீராசாமி, வயது எழுபத்தொன்பது. பஃபலோ ரோடு அடுக்குமாடியில் மகள் அனுப்ரியா வீட்டில் இருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது.

சுந்தரத்தை எந்த வருடத்திலிருந்து தெரியும் என்று போலீஸ் அதிகாரி கேட்டதற்கு, வெள்ளைக்காரன் கப்பற்படை செம்பவாங்கை விட்டுக் கிளம்பிய வருடம் என்று சொல்கிறேன். அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, அந்த வருடம்தான் அவரும் கப்பல் பட்டறையின் பவர் ஹவுசில் என்னோடு எண்ணெய் போடும் வேலைக்கு வந்தார். அங்கே ஆயுத பூஜையன்று இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் இடுவோம். ஒலி முகம்மது தன் வீட்டு மரத்து எலுமிச்சம்பழம் கொண்டுவருவார். கணக்கு எழுதும் கிராணி இராஜரத்தினம் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், ஆனாலும் பொரி கடலைக்கு முதல் ஆளாகக் கை நீட்டுவார். சூடு ஆறாத இரும்பில் சந்தனம் பட்டு எழும் அந்த மணம் பிறகு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் வருடம் சுந்தரம் மூலையிலிருந்த சின்ன பம்பை விட்டுவிட்டார். மேஸ்திரி சேதுபதி அவர் பிடரியில் தட்டி, "சின்னதுன்னா அது வேலை செய்யலையாடா? அதுக்கும் வைடா" என்றார். அதன் பிறகு சுந்தரம் எதையும் விட்டதில்லை.

இப்போது அவர் கேம்பல் லேன் பின்புறமுள்ள பூக்கிடங்கில் காவல்காரர். நான் தினமும் டீ குடிக்க அங்கே போவேன். சில மாதங்களுக்கு முன் கூரையில் சோலார் தகடுகள் பதித்து, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குமிழைப் பொருத்தினார்கள். பொருத்த வந்த ரோஷினி என்ற பெண்ணிடம் சுந்தரம் அது என்னவென்று விசாரித்தார்.

"சென்சர் லா, அங்கிள். வெயில் எவ்வளவுன்னு பாக்கும். நல்லா அடிச்சா குளிர் மெஷின முழுசா ஓட விடும். மேகம் வந்தா அடக்கிடும், வெளி கரண்ட்ட ரொம்ப இழுக்காது."

"அப்ப இந்தக் குட்டிதான் எல்லாத்துக்கும் மேஸ்திரியா?"

"ஆமா அங்கிள், டீ பிரேக் கூட எடுக்காது."

அதன் பிறகு இந்த வருட ஆயுத பூஜை அன்று காலை சுந்தரம் கிடங்கின் பூட்டு, தள்ளுவண்டி, குளிர் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்து, கடைசியாகக் கூரையில் ஏறிக் குமிழுக்கும் வைத்தார். கிண்ணத்தைப் பிடித்திருந்தவன் நான். மேஸ்திரிக்குக் குறைவாக வைக்கலாமா என்று சொல்லித் தாராளமாகவே அப்பினார். அதன் பிறகு இருவரும் கோயிலுக்குப் போய்விட்டோம். வெயில் கொளுத்தியது, குமிழோ வானம் இருண்டதாக எண்ணி மெஷினை அடக்கியே வைத்துவிட்டது. மாலையில் கதவைத் திறந்தபோது மல்லிகை மூட்டைகள் எல்லாம் பழுத்து நாறின.

காவலுக்குக் கேமரா வந்ததால் அடுத்த மாதத்தோடு வேலை இல்லை என்று தான் சொன்ன ஆத்திரத்தில் சுந்தரம் வேண்டுமென்றே கெடுத்தார் என்று கிடங்கு முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். ஆத்திரக்காரன் துடைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுக்கொண்டு வைக்கமாட்டான். நான் பார்த்தேன்.

மேலே உள்ளதை வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியது குறைத்தது இல்லை. கைநாட்டு வைக்கிறேன்.

பவர் ஹவுசில் இப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு வேறு யார் சாட்சி என்று அதிகாரி கேட்டதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். சேதுபதி போய்விட்டார். இராஜரத்தினம் போய்விட்டார். ஒலி முகம்மதுவைப் போன நோன்பு மாதத்தில் அடக்கம் செய்தார்கள். என்னை விட்டால் இன்று உயிரோடு இருப்பவர் நீங்கள் உள்ளே உட்காரவைத்திருக்கும் சுந்தரம் ஒருவர்தான்.