ரயிலில் தூங்கியதால் போன லீவு

செம்பூர் போகும் சாயங்கால ரயிலில் எனக்கு எதிரே ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அரசாங்க வக்கீல் என்பது மடியில் மடித்திருந்த கறுப்புக் கோட்டிலும் பேச்சிலும் தெரிந்தது.

"தூங்கினேன்னு எழுதிட்டேம்லே. அதான் லீவு இல்லன்னுட்டாவ" என்றார் அக்கா. நான் செல்போனைப் பையில் போட்டேன்.

"எங்க தூங்கின?"

"ஞாயித்துக்கிழமை கேஸுக்காக நாக்பூர் போனேம்லா, அந்த ரயில்ல. லீவு நாள்ல போனா பதிலுக்கு ஒரு நாள் லீவு உண்டு. ஆனா வழியில வேலை பார்த்திருக்கணுமாம்."

"பைல் படிச்சேன்னு எழுத வேண்டியதுதான யக்கா? டிக்கெட் செக்கர் வந்தா சாட்சி சொல்லப் போறான்?"

"மறுநாள் கோர்ட்டுல ஒரு சாட்சிய, பொய் சொல்லுதியான்னு கிழிச்சிட்டு வந்திருக்கேன். நான் எப்படிலே எழுத?"

"நல்லா இருக்கு உன் நியாயம். வியாழக்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நீ பக்கத்துல இருந்தாத்தான் படுப்பேங்கா."

அக்கா அம்மாவுக்குப் போன் செய்தார்.

"எம்மா, வியாழக்கிழமை தம்பி வருவான். எனக்கு நாக்பூர்ல பெரிய கேஸு. நான் போகலன்னா நடக்காதாம். ஆமா, ஜட்ஜே என்னத்தான் கேட்டாராம்."

போனை வைத்ததும் தம்பி அவரையே பார்த்தான்.

"என்னலே பாக்க? லீவு தரலன்னு சொன்னா அம்மா அழுவா. இப்ப நம்ம லேபர் கேம்ப் தெரு பூரா பெருமையா சொல்லிட்டு, தைரியமா போய்ப் படுப்பா."