வாசனைக் கூடை

— அட, இதுக்கெல்லாமா நாலு மாடி ஏறி வந்து தேங்க்ஸ் சொல்லுவாங்க? எல்லாரும்தான் கூடை குடுத்தாங்க, நானும் குடுத்தேன். அந்தத் துப்பட்டா பறக்குது பாரு, புடி!

— புடிச்சுட்டேங்கக்கா. வந்துக்கா... வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும். மெஸ்ஸுல அத்தனை பேருக்கு முன்னாடி எனக்குப் பேச்சே வரல.

— உன் பேரு வள்ளிதானே?

— வள்ளிக்கண்ணுங்க யாழினியக்கா. முழுசாவே கூப்பிடுங்க, எங்க குலசாமி பேரு. ஊரு வையம்பட்டி.

— தெரியும், சீட்டுல போட்டிருந்துச்சு.

— செகண்ட் இயர் அக்காங்க எல்லாரும் ஹாஸ்டலுக்குப் புதுசா வர்றவங்க பேரைச் சீட்டு எடுத்து, அவங்களுக்குக் கூடை கட்டணுமாமே. நூத்தம்பது ரூவாய்க்கு மேல போகக் கூடாதாமே.

— ஆமா, வருஷா வருஷம் அப்படித்தான். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு தீம் வேற வைக்கணும். சும்மா ஒரு விளையாட்டு, விடு.

— ஆன்சியக்கா எங்க ரூம் சுபஸ்ரீக்கு 'ராத்திரிப் பசி'ன்னு கட்டியிருந்தாங்க. நூடுல்ஸ், கடலை மிட்டாய், காரப் பொரி. அன்னிக்கு ராத்திரியே ரூமே சேந்து காலி பண்ணிட்டோம். பக்கத்து ரூம் பொண்ணுக்கு 'பரீட்சை'. அஞ்சு ரூவா பேனா பத்து, குளுக்கோஸ் பிஸ்கட்டு, ஒரு பிள்ளையார் படம். பிள்ளையாரு மட்டும் பெருசு.

— ஆன்சிக்கு அந்த மாதிரி எல்லாம் தோணும். வாரம் பூரா சிங்காரத்தோப்புக் கடைத்தெருவுலயே சுத்திக்கிட்டு இருந்தா.

— எனக்கு 'வாசனை'. அட்டையில நீங்கதானே எழுதியிருந்தீங்க?

— ம்... ஆமா, ஆமா. அந்த வாளியை இப்படித் தள்ளு.

— தொறந்ததும் எல்லாரும் சிரிச்சாங்கக்கா.

— யாரு?

— யாருன்னு சொல்ல? எல்லாரும்தான். குளிக்கிற சோப்பு, துணி சோப்பு, பவுடரு, ஷாம்பு பாக்கெட்டு சரம், அந்துருண்டை. 'ஆட்டுக்கொட்டாய்லேர்ந்து வந்தவளுக்கு ஏத்த கூடைதான்'னு ஒரு அக்கா சொன்னாங்க. எங்க வீட்ல ஆடு கெடக்குன்னு மொத நாளே நான்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம சொல்லித் தொலைச்சேன்.

— அழுதியா?

— பாத்ரூம்ல. பைப்பைத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

— சாரி வள்ளிக்கண்ணு. உனக்கு ஆடு இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

— ஐயோ, நான் குறை சொல்ல வரலைங்கக்கா! அழுது முடிச்சுட்டு, சரி மூஞ்சி கழுவுவோம்னு கூடையில இருந்த அந்த சோப்பு டப்பாவைத் தொறந்தேன். அதுலதானே லெட்டர் இருந்துச்சு.

— என்ன லெட்டர்?

— நாலா மடிச்சு, சோப்புக்கு அடியில. நீங்க வச்சதுதானே?

— நான்... ஆமா. வச்சேன் வச்சேன். என்ன எழுதினேன்?

— எழுதின உங்களுக்கே மறந்துருச்சாக்கா?

— அவசரத்துல கிறுக்கினது. குடு பாப்போம்.

— உங்க கை ஈரமா இருக்குங்கக்கா, மை கலைஞ்சுரும். நான் வாசிக்கிறேன். உங்க போன் அடிக்குது பாருங்க, அந்தச் செவுத்து மேல.

— அடிக்கட்டும், விடு.

— 'அப்பா'ன்னு வருதுங்கக்கா.

— கட் பண்ணிடு. அந்த செவப்பு பட்டனை. அவரு இப்படித்தான், மீட்டிங்குக்கு நடுவுல நேரம் கெடைச்சா கூப்பிடுவாரு. எக்ஸ்போர்ட் பிசினஸ்ல ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கெடையாது. நீ வாசி.

— 'தங்கச்சி, இந்தச் சோப்பைப் பாத்துக் கோவிச்சுக்காத. மொத வருஷம் வந்தப்ப என் துணியிலயும் வாசனை அடிச்சுது. காந்தி மார்க்கெட்ல எங்கம்மாவுக்குக் கருவாட்டுக் கடை...'

— என்னது?

— கருவாட்டுக் கடைங்கக்கா. அப்புறம்... 'என் பக்கத்துக் கட்டில் பொண்ணு வேற ரூம் கேட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம்தான் இதெல்லாம் கத்துக்கிட்டேன். எலுமிச்சம்பழத் தோலைக் காயவச்சு துணிக்கு நடுவுல போட்டு வையி. ரூமுக்குள்ள துணி காயப்போடாத, மாடி வெயில்ல போடு. ஞாயித்துக்கிழமையில நான் கடைக்குப் போவேன். நீயும் கூட வா, அம்மா சோறு போடுவாங்க. உன் அக்கா.' அவ்வளவுதான்.

— இதை யார்கிட்டயாவது காட்டினியா?

— இல்லைங்கக்கா.

— சுபஸ்ரீகிட்ட?

— யார்கிட்டயும் காட்டல. அதான் இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சேன்னு தலை சீவிக்கிட்டு வந்தேன். கூடையில இருந்த பச்சைக் கிளிப்பைத்தான் குத்தியிருக்கேன், பாருங்க. போலாங்களாக்கா, உங்கம்மா கடைக்கு?

— அந்தக் கிளிப்பைக் கழட்டு.

— ஏங்கக்கா, நல்லால்லியா?

— எல்கேஜி பிள்ளைங்க போடுறது அது. வாசனைக்கும் பட்டாம்பூச்சி கிளிப்புக்கும் என்ன சம்பந்தம்? போன வருஷம் அதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சாங்க.

— போன வருஷமாக்கா?

— இங்க பாரு, வள்ளிக்கண்ணு. கருவாட்டுக் கடை எங்கம்மாவோடது இல்ல. எங்களுக்கும் மார்க்கெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. கே.கே. நகர்ல சொந்த வீடு எங்களுக்கு. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

— சொன்னாங்கக்கா.

— அந்த லெட்டரை நான் எழுதல.

— பின்ன?

— கூடையே நான் கட்டினது இல்ல. போதுமா? எனக்கு வந்த கூடை அது. போன வருஷம் மெஸ்ஸுல வச்சுக் குடுத்தாங்க, அன்னிக்கே கொண்டுபோயி அலமாரி மேல தூக்கிப் போட்டவதான். ஒரு சாமானைத் தொட்டது கெடையாது. உன் பேரு வந்ததும் இறக்கி, தூசி தட்டி, புது ரிப்பன் கட்டினேன். நூத்தம்பது ரூவாயில எனக்கு ஆன செலவு அந்த ரிப்பன் மட்டும்தான்.

— கையில காசு இல்லாம இருந்திருக்கும்.

— இருந்துச்சு. ஆன்சி கூட 'வாடி, சிங்காரத்தோப்பு போயிட்டு வருவோம்'னு கூப்பிட்டா. நான் போகல. சீட்டைப் பிரிச்சேன், வையம்பட்டின்னு இருந்துச்சு. இவளுக்கு இது போதும்னு தோணுச்சு. அதுதான் நெசம். இவளுக்கு இது போதும்.

— அவ்வளவுதானாக்கா?

— இது போதாதா?

— அதில்லைங்கக்கா. நீங்க இன்னும் மோசமா எதாவது சொல்லப் போறீங்களோன்னு பயந்துட்டேன்.

— இதை விடவா? எனக்கு நடந்ததுதானே அப்படியே உனக்கும் நடந்துச்சு! அன்னிக்கு என்னையும் பாத்து அதே சிரிப்புதான். 'கே.கே. நகர் மகாராணிக்கு அந்துருண்டை'ன்னு பேரே வச்சுட்டாங்க. அது எப்படி எரியும்னு தெரிஞ்சவ நான். தெரிஞ்சுக்கிட்டே உன் கையில குடுத்தேன். ஒருவேளை இன்னொருத்திக்கும் எரியட்டும்னுதான் குடுத்தேனோ என்னவோ.

— உங்களுக்கு யாருக்கா குடுத்தாங்க?

— விஜயராணின்னு ஒரு அக்கா. ஃபைனல் இயர். செகண்ட் இயர்ல ஆளு பத்தலன்னு அவங்களா பேர் குடுத்தாங்க. கருவாட்டுக் கடைன்னு எல்லாம் எனக்குத் தெரியாது. அன்னியிலேர்ந்து அவங்ககூடப் பேச்சை நிறுத்திட்டேன். எதிர்ல வந்தா போனைப் பாத்துக்கிட்டே போவேன். மெஸ்ஸுல பக்கத்துல வந்து உக்காந்தா தட்டைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுருவேன்.

— அவங்க ஒண்ணும் கேக்கலியா?

— கேக்க வந்தாங்க. படிப்பு முடிஞ்சு பொட்டியோட கெளம்புற அன்னிக்கு என் ரூம் கதவைத் தட்டினாங்க. 'யாழினி, ஒரே ஒரு நிமிஷம்'னாங்க. நான் தூங்குற மாதிரி போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன். மூணு தடவை தட்டினாங்க. அப்புறம் பொட்டியை இழுத்துக்கிட்டுப் படியில எறங்குற சத்தம் கேட்டுச்சு.

— இப்ப எங்க இருக்காங்க?

— ஸ்ரீரங்கத்துல ஒரு மெடிக்கல் ஷாப்ல இருக்காங்களாம், ஆன்சி சொன்னா. ஒரு பஸ் ஏறினா போயிடலாம். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? அவங்க எனக்கு வழி சொல்லத்தான் அதைக் குடுத்திருக்காங்க. நான் ஒரு வருஷமா மனசுக்குள்ளயே திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

— வாளியைக் கீழ வைங்கக்கா. துணியை நான் காயப்போடுறேன்.

— வெக்கமா இருக்கு வள்ளிக்கண்ணு. உன்னை நிமிந்து பாக்க முடியல. நீ போயி எல்லார்கிட்டயும் சொல்லிக்க, எனக்கு வேணும்தான்.

— எனக்கும்தாங்கக்கா வெக்கமா இருக்கு.

— உனக்கென்னடி வெக்கம்?

— அடுத்தவங்க லெட்டரைப் படிச்சுட்டேன்.

— உன் கூடையில இருந்துச்சு, நீ படிச்ச. இதுல என்ன இருக்கு?

— இல்லைங்கக்கா. நான் வாசிச்சப்ப 'தங்கச்சி'ன்னு ஆரம்பிச்சேன்ல? லெட்டர்ல அப்படி இல்ல. 'யாழினி'ன்னு இருக்கு. பிரிச்ச ஒடனே பாத்துட்டேன். அப்பவே மடிச்சு வச்சிருக்கணும், மனசு கேக்கல.

— அப்போ கூடை என்னோடதுன்னு...

— வெள்ளிக்கிழமையே தெரியும். சும்மா கொண்டாந்து குடுத்தா நீங்க கிழிச்சுப் போட்டுருவீங்களோன்னு நெனைச்சேன். அதான் எனக்கு எழுதின மாதிரி வாசிச்சுக் காட்டினேன். திட்டுங்கக்கா, பரவால்ல.

— திட்டுறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

— இந்தாங்க லெட்டர். கிளிப்பும் இந்தாங்க. மத்ததை எல்லாம் கூடையோட உங்க கட்டில் மேல வச்சுட்டுத்தான் வந்தேன். சோப்பு மட்டும் ஒரு தடவை போட்டுக் குளிச்சுட்டேன்.

— எல்லாம் உன்னோடதுதான், வச்சுக்க. நான் உனக்குப் புதுசா வேற கூடை கட்டித் தரேன்.

— வேண்டாங்கக்கா, இதை நான் வச்சுக்க முடியாது. நடுவுல கொஞ்சம் வாசிக்காம விட்டிருக்கேன். அதைப் பாத்தா ஏன்னு தெரியும்.

— எங்க?

— கருவாட்டுக் கடைன்னு வருதுல்ல, அதுக்கு அடுத்தாப்புல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், எங்க குலசாமி மேல சத்தியம். போன் மறுபடி அடிக்குது பாருங்க. உங்கப்பாதான். இந்தத் தடவை நான் கட் பண்ண மாட்டேங்கக்கா.

— இரு. இரு... 'எங்க கடைக்கு நேர் எதுக்கத்தான் வெங்காய மண்டி. யாழினி, இந்தக் கூடையில நான் வாங்கினது ஒண்ணுமே இல்ல. அந்த மண்டியில மூட்டை தூக்குற உங்கப்பா, கிளிப்பு வரைக்கும் ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து வாங்கித் தந்தாரு. துணியில வெங்காய வாசனை போகலைன்னு நீ வீட்ல அழுதியாமே. சொல்லாம இருக்க எனக்கு மனசு வரல. ஆனா அவரு படிச்சுப் படிச்சு சொன்னாரு: என் பேரைச் சொல்லிராத தாயி, எம்பொண்ணுக்கு வெக்கமா இருக்கும்.'