எதிரில் பேட் பிடிப்பவர்

அப்பாவு: நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல சார்.

ஸ்கந்தராஜா: என்ன கேட்டனீங்கள்?

அப்பாவு: மறந்துட்டீங்களா... இல்ல மறந்த மாதிரியா?

ஸ்கந்தராஜா: அப்பாவு, எனக்கு அறுபத்தொரு வயசு. குனிஞ்சு கால் விரலைத் தொடுறதே பெரும்பாடு. அதுக்குள்ள கேள்வியும் கேட்டா...

அப்பாவு: ஈப்போ கார்டன்லேருந்து அவ்ளோ தூரம் கார் ஓட்டிட்டு செமோருக்கு வாரீங்க. உங்க வீட்டுப் பக்கத்துலயே ஏர்கோன் போட்ட தேக்குவாண்டோ கிளாஸ் இருக்கு. இங்க என்னா இருக்கு? பழைய தோட்டத்து மண்டபம், தகரக் கூரை. வேர்த்து ஊத்துது. அத விட்டுட்டு இங்க ஏன்னு கேட்டேன்.

ஸ்கந்தராஜா: ஒரு சிநேகிதர் சொன்னவர்.

அப்பாவு: எந்தச் சிநேகிதரு?

ஸ்கந்தராஜா: உங்களுக்குத் தெரியாது.

அப்பாவு: செமோர்ல எனக்குத் தெரியாத ஆளா? பேரச் சொல்லுங்க லா.

தினேஸ்வரி: அங்கிள்! ரெண்டு பேரும் வாயால சண்ட போட்டது போதும். ஞாயித்துக்கெழம கிரேடிங். மஞ்ச பெல்ட் வேணுமா வேணாமா?

அப்பாவு: வேணும் மாஸ்டர்.

தினேஸ்வரி: அப்ப உதை வாங்குற பேட எடுங்க. அப்பாவு அங்கிள் புடிங்க, ஸ்கந்தராஜா அங்கிள் உதைங்க. இடுப்பு உயரம், வலது காலு. எண்ணுறேன்... ஹனா! தூல்! செட்!

அப்பாவு: உதைங்க சார். இன்னும் பலமா... ம். போன வாரம் கோயில் தலைவரு கார்த்திகேசுகிட்ட என்னா விசாரிச்சீங்க?

ஸ்கந்தராஜா: நான்... ஒண்டும் விசாரிக்கேல்ல.

அப்பாவு: இந்தத் தோட்டத்துல இன்னும் எத்தன குடும்பம் இருக்கு, யாரு யாரு டவுன் பக்கம் தாமான்ல வீடு வாங்கிட்டுப் போயிட்டாங்க, யாரு கோயில் கமிட்டியில இருக்காங்க... கேட்டீங்களா இல்லியா?

ஸ்கந்தராஜா: சும்மா கதைச்சது.

அப்பாவு: ரப்பர் பால்மரத்த அழிச்சு எண்ணெய்க்கு செம்பனை போட வந்தவங்களும் மொதல்ல சும்மாதான் கேட்டாங்க. அப்பறம் வீட்டக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுனாங்க. காலு கீழ போவுது, தூக்குங்க. நீங்க கம்பெனி ஆளா சார்?

ஸ்கந்தராஜா: ஐயோ! நானோ? நான் முப்பத்துநாலு வருசம் அரசாங்க உத்தியோகம். நில அலுவலகத்தில...

அப்பாவு: நெல ஆபிசா! பாத்தீங்களா!

ஸ்கந்தராஜா: ஓய்வெடுத்து ஆறு வருசம், அப்பாவு! எனக்கும் ஒரு கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. டொக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னவர், வந்தன். அவ்வளவுதான். ஆறு கிலோ குறைஞ்சிருக்கு. பாருங்கோ, பெல்ட் எவ்வளவு மிச்சம் தொங்குது எண்டு.

அப்பாவு: எனக்கும் அஞ்சு கிலோ. ரத்தத்துல சக்கர எறங்கி, இனிப்பு நீரு மாத்திரைய பாதியாக்கிட்டாங்க. அது வேற. ஒடம்பு கொறையிறதுக்கும் நீங்க ஊர் கத கேக்குறதுக்கும் என்னா சம்பந்தம்?

தினேஸ்வரி: ஸ்கந்தராஜா அங்கிள், உதைக்கிறப்ப கண்ணு பேட்ல இருக்கணும். அப்பாவு அங்கிள் மூஞ்சில இல்ல.

ஸ்கந்தராஜா: மாஸ்டர், அவர் விசாரணை நடத்துறார்.

தினேஸ்வரி: உதைச்சா வாய மூடிருவாரு. ஆள் மாத்துங்க!

அப்பாவு: குடுங்க, இப்ப நீங்க புடிங்க. ஒசரமா. பயப்படாதீங்க, மெதுவாத்தான் உதைப்பேன்.

ஸ்கந்தராஜா: ஏன் மெதுவா? பலமாவே உதையுங்கோ. நீங்கள் இந்த வயசில இப்பிடி நிமிந்து நிக்கிறதே பெருமைதான். மகனும் அப்பிடித்தானே. யுகேந்திரனைப் போல ஒழுக்கமான பெடியன்...

அப்பாவு: நில்லுங்க.

ஸ்கந்தராஜா: என்ன?

அப்பாவு: என் மவன் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஸ்கந்தராஜா: நீங்கள்தானே சொன்னனீங்கள்.

அப்பாவு: நான் சொல்லல. மூணு மாசமா ஒரு தடவ கூட என் வாயால அவன் பேரு வரல. அதுக்குக் காரணம் இருக்கு. அத விடுங்க. யாரு சொன்னா?

ஸ்கந்தராஜா: அப்ப... கார்த்திகேசு சொல்லியிருப்பார்.

அப்பாவு: இப்பத்தான் அவருகிட்ட ஒண்ணும் விசாரிக்கலன்னீங்க. மொத மாசம், வீட்டுல யாராச்சும் குடிப்பாங்களான்னு கேட்டீங்க. நான் கூட, பாவம், மனுசன் துணைக்கு ஆள் தேடுறாருன்னு நெனச்சேன். ரெண்டாவது மாசம், எங்க குடும்பத்துல யாருக்காச்சும் இருதய நோயி உண்டான்னு கேட்டீங்க. போன வாரம், என் வீட்டுக்காரி தொளசி கோவமா பேசுவாங்களா, சாந்தமான்னு கேட்டீங்க. என்னா சார் இது? பொண்ணு குடுக்கப் போற வீட்டப் பத்திக் கேக்குற மாதிரியே...

ஸ்கந்தராஜா: உதையுங்கோ, அப்பாவு. மாஸ்டர் பாக்கிறா.

அப்பாவு: பேடு கீழ எறங்குது சார்.

ஸ்கந்தராஜா: கை களைச்சுப் போச்சு.

அப்பாவு: நான் இன்னும் ஒரு உதை கூட உதைக்கலியே.

தினேஸ்வரி: சரி, அஞ்சு நிமிசம் தண்ணி குடிங்க! ஒக்காராதீங்க, நடங்க.

அப்பாவு: வாங்க சார். சன்னல் பக்கம் காத்து வருது. இந்தாங்க தண்ணி. இப்ப சொல்லுங்க.

ஸ்கந்தராஜா: எனக்கு ஒரேயொரு மகள். மருந்தாளர். சித்தியவான் கிளினிக்கில வேலை. பேர்...

அப்பாவு: மாதுமை. தண்ணியக் குடிங்க. பொரையேறப் போவுது.

ஸ்கந்தராஜா: உங்களுக்கு எப்ப தெரியும்?

அப்பாவு: நீங்க இங்க வந்த மொத நாளே.

ஸ்கந்தராஜா: அப்ப இந்தக் கம்பெனி, நோட்டீஸ் எண்டதெல்லாம்?

அப்பாவு: சும்மா கதைச்சது. உங்க வாயிலேருந்து வருதான்னு பாத்தேன்.

ஸ்கந்தராஜா: உங்கட மகன் என்ர படம் காட்டினவரோ?

அப்பாவு: அவன் எங்க காட்டுறான்... நீங்களேதான் சொன்னீங்க. வீடு எங்கன்னு கேட்டதுக்கு மழுப்புனீங்க. யாரு அனுப்புனாங்கன்னா சிநேகிதருன்னு புளுகுனீங்க. ஆனா மாஸ்டர் குடுத்த பாரத்துல, அவசரத்துக்கு யாரக் கூப்புடணும்ங்கிற எடத்துல, மகள் பேரு, வேல, வீட்டு விலாசம், ஃபோன் நம்பர், எல்லாத்தையும் அழகா, அச்சு மாதிரி எழுதிட்டீங்க. பாரத்தயெல்லாம் வாங்கி அடுக்கி வக்கிறது நான்தான் சார்.

ஸ்கந்தராஜா: பாரத்தில பொய் எழுதலாமோ?

அப்பாவு: நேர்ல சொல்லலாமாக்கும்!

ஸ்கந்தராஜா: நேர்ல சொல்லுறது வேறயப்பா. பாரத்தில கீழ கையெழுத்துப் போட வேணுமே.

அப்பாவு: கவர்மெண்டு புத்தி போவல பாருங்க! சரி, எதுக்கு வந்தீங்க? அதச் சொல்லுங்க. எனக்கு அது தெரியாது.

ஸ்கந்தராஜா: சொன்னா கோவிப்பியள்.

அப்பாவு: ஏற்கனவே கோவம்தான்.

ஸ்கந்தராஜா: ஜனவரியில மகள் வந்து சொன்னா. யுகேந்திரனைத்தான் கட்டுவன் எண்டு. மனிசி அன்னபாக்கியம் அழுதா. நான் ஏலாது எண்டுட்டன். மகள் ஏன் எண்டு கேட்டா. எனக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. தோட்டத்துச் சனம் எண்டு அவளிட்டச் சொல்ல... வெக்கமாயிருந்தது. அதால வேற ஒரு காரணம் தேடினன். அவ ஒருநாள் கதையோட கதையா, அவரின்ர அப்பா செமோர்ல தேக்குவாண்டோ பழகுறார் எண்டவ.

அப்பாவு: சரின்னு நீங்களும் வெள்ள பெல்ட் கட்டிக்கிட்டு வந்துட்டீங்க. எங்ககிட்ட கொற கண்டுபுடிக்க.

ஸ்கந்தராஜா: ஓம்.

அப்பாவு: வந்த ரெண்டாவது நாளு உங்களுக்கு தொட பிடிச்சு இழுத்து இந்தத் தரையிலதான் கெடந்தீங்க. ஒரு மணி நேரம் நான் தைலம் தேச்சேன். அப்பவும் கொறதான் தேடிட்டு இருந்தீங்களா?

ஸ்கந்தராஜா: ...ஓம்.

அப்பாவு: ச்சே! என்னா மனுசன் சார் நீங்க? எனக்கு மனசு வலிக்குது. நெசமாவே வலிக்குது. கூட்டாளின்னு நெனச்சு தொளசிகிட்ட சொல்லி ரெண்டு தடவ உங்களுக்கு மீன் கறி கட்டிக் குடுத்து விட்டேன். அதுலயும் உப்பு கூடவா கொறவான்னு எழுதி வச்சிருப்பீங்க!

ஸ்கந்தராஜா: எழுதேல்ல. சாப்பிட்டன். சட்டியை வழிச்சுச் சாப்பிட்டன். அன்னபாக்கியமும்தான்.

அப்பாவு: அவங்களுமா? அழுதுட்டே சாப்பிட்டாங்களா?

ஸ்கந்தராஜா: யார் சமைச்சது எண்டு நான் சொல்லேல்ல.

அப்பாவு: இதுவும் பொய்யி!

ஸ்கந்தராஜா: அப்பாவு, முதல் மாதம் மட்டுந்தான் நான் அப்பிடி, பிறகு கேட்டதெல்லாம் பழக்கத்தில கேட்டது. பிறகு எனக்கு என்னத்துக்கு வந்தன் எண்டே மறந்து போச்சு. செவ்வாயும் வியாழனும் எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வீட்டில நான் மாடி ஏறினாலே மனிசி ஏசுவா, விழுந்துபோடுவியள் எண்டு. இங்கதான் என்னைப் பாத்து உதையெண்டு ஒரு ஆள் சொன்னது.

அப்பாவு: கொற கெடச்சுச்சா?

ஸ்கந்தராஜா: ஒண்டு.

அப்பாவு: என்னா?

ஸ்கந்தராஜா: நீங்கள் எனக்கு மட்டும் பேடைத் தாழ்த்திப் பிடிக்கிறியள். இடுப்பு உயரம் எண்டு மாஸ்டர் சொல்லுறா, நீங்கள் தொடையில பிடிக்கிறியள். எனக்குக் கால் உயராதெண்டு. அது ஏமாத்துவேலை.

அப்பாவு: சிரிக்க வக்காதீங்க. நான் கோவமா இருக்கேன்... உங்கப்பா ரயில்வேயில இருந்தாருன்னு சொன்னீங்க. அதாவது உண்மையா?

ஸ்கந்தராஜா: ஏன் இப்ப அது?

அப்பாவு: கேக்குறேன்.

ஸ்கந்தராஜா: ...இல்லை. அவர் தோட்டத்தில கிராணி. துரைக்குக் கீழ கணக்கு எழுதி, ஆக்களுக்கு வேலை பிரிச்சவர்.

அப்பாவு: அத ஏன் மறைச்சீங்க?

ஸ்கந்தராஜா: இந்த மண்டபத்தில நிண்டுகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல.

அப்பாவு: எங்க அப்பா கிராணி வீட்டு வாசலத் தாண்டுறப்ப சைக்கிள்லேருந்து எறங்கி, தள்ளிட்டுப் போவாரு. மழ பெஞ்சாலும். பின்னாடி ஒக்காந்திருந்த நானும் எறங்கி நடப்பேன். எனக்கு அப்ப ஆறு வயசு.

ஸ்கந்தராஜா: எங்கட வீட்டு வாசலிலயும் இறங்கித்தான் போனவை. நான் யன்னலுக்குள்ள நிண்டு பாத்திருக்கிறன். அப்ப அது எனக்குப் பிழையாத் தெரியேல்ல, அப்பாவு. இப்ப தெரியுது.

தினேஸ்வரி: அங்கிள்! அஞ்சு நிமிசம் பத்து நிமிசமாச்சு. ரெண்டு பேரும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?

அப்பாவு: வாரோம் மாஸ்டர், ரெண்டே நிமிசம்.

ஸ்கந்தராஜா: சரி. நான் சொல்லிப்போடுறன். எனக்குச் சம்மதம். அன்னபாக்கியத்தோட நான் கதைக்கிறன், அவ கேப்பா. மகன் இனிப் பயப்பிடத் தேவையில்லை எண்டு சொல்லுங்கோ.

அப்பாவு: அவன் உங்களுக்குப் பயப்படல சார்.

ஸ்கந்தராஜா: பிறகென்ன? நாலு மாதமா உங்கட பக்கத்திலயிருந்து ஒருத்தரும் வந்து பெண் கேக்கேல்லயே. நான் ஏலாது எண்டு சொன்னதாலதானே?

அப்பாவு: நீங்க ஏலாதுன்னு சொன்னதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

ஸ்கந்தராஜா: எனக்கு விளங்கேல்ல. மகள் கேட்ட நேரம், தன்ர அப்பா யோசிக்கிறார் எண்டுதானே உங்கட மகன் சொன்னவராம்.

அப்பாவு: வெளிய சொல்ல அவனுக்கும் வெக்கம். அவன் என்கிட்ட மொகங்குடுத்துப் பேசி நாலு மாசம் ஆச்சு சார். ஒரே வீட்டுல இருக்கான், சாப்புட்டுட்டுத் தட்டக் கழுவி வச்சிட்டுப் போயிருவான். தொளசி நடுவுல நின்னு தவிக்கிறா. அதான் அவன் பேரு என் வாயில வர மாட்டேங்குது.

ஸ்கந்தராஜா: ஏன்? என்ன நடந்தது? நான் ஓம் எண்டுட்டனே, இனி ஆர் மறிக்கிறது?

அப்பாவு: நான்தான் சார். ஜனவரியில அவன் வந்து கேட்டப்ப, பொண்ணோட தாத்தா கிராணின்னு தெரிஞ்சதும், அந்த வீட்டு சம்பந்தம் வேணாம்னு முடிச்சு விட்டது நான்தான். கிராணி வீட்டு வாசல்ல என் தொளசியும் ஒரு நாளு எறங்கி நிக்க வேண்டி வருமேன்னு பயந்துட்டேன். நீங்க வந்து நின்னப்ப, மாஸ்டர்கிட்ட நானே கேட்டு உங்களுக்கு ஜோடியா சேந்தேன், எந்த மாதிரி மனுசன்னு பாக்க. மூணு மாசம் பாத்தாச்சு. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அவன் ரூம் கதவத் தட்டப் போறேன். ஞாயித்துக்கெழம கிரேடிங் முடிஞ்சதும் பொண்ணு கேக்க நாங்க வாரோம் சார்... வாசல் வரைக்கும் மோட்டார்சைக்கிள்லதான் வருவேன்.