மண்மூட்டை மேல் சிவப்பு

கரூரிலிருந்து நாமக்கல் போகும் பஸ். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கட்டோடு ஏறிய விவசாயி, எனக்கு முன் சீட்டில் லீவில் ஊர் திரும்பும் பட்டாளத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த வெத்தலையாலதானுங்க நான் ஒருக்கா செத்துப்போனேன்," என்றார் பட்டாளத்துக்காரர்.

"அப்படிங்களா. எங்க?"

"ஆப்பிரிக்காவுலங்க. அந்த நாட்டுக்காரங்களே ரெண்டாப் பிரிஞ்சு சுட்டுக்கறாங்க. நடுவால பல நாட்டுப் பட்டாளமும் சேந்து காவல், அதுல நாங்களும். கேம்புக்கு வெளிய, மண்மூட்டைக்குப் பின்னால தனியா ஒக்கோந்திருக்கோணும். பொழுது போகுங்களா? வெத்தலையப் போட்டு மூட்டை மேலயே துப்பிக்கிட்டிருந்தேன்."

"செரி."

"என்னைய டூட்டி மாத்தறதுக்கு வந்த வேத்து நாட்டுச் சிப்பாய் தூரத்துலயே செவப்பப் பாத்துட்டு, ஆளுக்குக் குண்டு பட்டுருச்சுன்னு வயர்லெஸ்ல சொல்லிப்போட்டான். உசுரோட இருக்கறயான்னு கேம்புல இருந்து எங்கிட்டயே கேக்கறாங்க. நான் 'ம்ம்'ங்கறேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"கடைசி வெத்தலைங்க. துப்ப மனசு வல்லீங்க."

"அப்பறம்?"

"ஆம்புலன்ஸே வந்துருச்சு. நம்ம நாட்டு டாக்டரு மூட்டைய மோந்து பாத்தாரு. பத்து நாளு மூட்டை கழுவுனேனுங்க."

விவசாயி கட்டைப் பிரித்து, நாலு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பாக்கோடு நீட்டினார். பட்டாளத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பாதியில் போன் அடித்தது. மனைவியின் குரல் எனக்கே கேட்டது.

"ஏனுங்க, எங்க வந்துட்டிருக்கீங்க?"

"ம்ம்."

"என்னாச்சுங்க? பேசுங்க."

"ம்ம்."

விவசாயி போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"பயந்துக்காத சாமி. ஆளு உசுரோடதான் இருக்கறாரு. துப்பத்தான் மனசு வல்ல."